நிழலும் நீரும்: மைசூர் ஏடு சொல்லும் காலக் கணக்கு

மைசூர் நகரில் அரண்மனைக்கு அண்மையில் ஒரு மணிக்கூண்டு நிற்கின்றது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவின் நினைவாக 1927ஆம் ஆண்டில் அது எழுப்பப்பெற்றது. அந்நகரத்தார் அதனைத் 'தொட்ட கடியார', அதாவது பெரிய கடிகாரம், என்று வழங்குவர். அதன் இரு முட்களும் பன்னிரண்டில் கூடும்போது, கீழே நிற்பவர் தம் நிழலைச் சற்று உற்று நோக்குவாராயின் ஒரு வியப்பைக் காண்பார். கடிகாரம் நண்பகல் என்கிறது. நிழலோ இன்னும் நண்பகல் ஆகவில்லை என்கிறது. கதிரவன் உச்சியைச் சேர, ஆண்டுச் சராசரியாக, இன்னும் இருபத்து மூன்று நிமிடம் செல்லவேண்டும்.

இதில் கடிகாரத்தின் பிழை யாதுமில்லை. 1906ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகின்றது. மைசூர் அக்கோட்டிற்கு மேற்கே ஏறத்தாழ ஆறு பாகை தள்ளி உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கதிரவன் அங்குப் பிந்தி வருகின்றான். ஆகவே மைசூரில் வாழ்பவர்க்கு இரண்டு நேரங்கள் உள்ளன: ஒன்று நாட்டின் நேரம், மற்றொன்று ஊரின் நேரம்.

இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு நம் காலத்தில் தோன்றியது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. காலத்தை அளக்க முற்பட்ட பண்டை மக்கள் யாவரும் இச்சிக்கலை எதிர்கொண்டனர். எழுதி வைத்த கணக்கு ஒன்று சொல்லும். வானம் மற்றொன்று சொல்லும். இதனை விளக்குதற்கு வேறு எங்கும் செல்லவேண்டுவதில்லை. மைசூரிலேயே வெளிப்பட்ட ஓர் ஏடு போதும்.

1891ஆம் ஆண்டில் மைசூரில் கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஒன்று நிறுவப்பெற்றது. இன்று அது மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியை அந்நூலகத்தில் ஒப்படைத்தார். 1905ஆம் ஆண்டளவில் நூலகத்துப் பணியிலிருந்த ஆர். சாமசாஸ்திரி அதனைப் பிரித்துப் படித்தபோது, பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அதுவே என்று கண்டார். 1909ஆம் ஆண்டில் மூலநூலை மைசூரில் அச்சிட்டார். 1915ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் வடிவில் வெளிவந்தது. காவிரியின் கரையில் ருத்ரபட்டணம் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். அவர் கையில் கிடைத்த ஏடும் காவிரி பாயும் தஞ்சையிலிருந்தே வந்தது.

கௌடில்யர் மௌரிய சந்திரகுப்தரின் அமைச்சர் என்பது மரபு. நூல் இன்றுள்ள வடிவை அடைந்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டே என்று இக்கால அறிஞர் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், அரசியல் நூல் என்று புகழ்பெற்ற இதன் இரண்டாம் அதிகரணத்தில், இருபதாம் அத்தியாயம் முழுவதும் இடத்தையும் காலத்தையும் அளக்கும் முறை பற்றியது என்பது பலர் அறியாத செய்தி. காலத்தை அளக்கும் பொறுப்பைக் கௌடில்யர் சோதிடரிடம் ஒப்படைக்கவில்லை. முழக்கோலையும் அங்குலத்தையும் காக்கும் அளவை அதிகாரியிடமே அதனையும் ஒப்படைக்கின்றார். துணியை முழம் போடுவது போலவே பகலையும் முழம் போடவேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

அவர் கூறும் அளவைகளைக் காண்போம். இரண்டு துடி ஒரு லவம். இரண்டு லவம் ஒரு நிமேஷம், அதாவது கண்ணிமைப் பொழுது. ஐந்து நிமேஷம் ஒரு காஷ்டை. முப்பது காஷ்டை ஒரு கலை. நாற்பது கலை ஒரு நாழிகை. இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் பகலுக்குப் பதினைந்து முகூர்த்தம், இரவுக்குப் பதினைந்து முகூர்த்தம். ஆகவே ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை நம் இருபத்து நான்கு நிமிடம். இக்கணக்கின்படி ஒரு கலை முப்பத்தாறு விநாடி. துடியோ ஒரு விநாடியில் நூற்றில் ஆறு பங்கு. துடியை அளக்க அக்காலத்தில் கருவி எதுவும் இல்லை. அது வகுத்தலால் மட்டும் பெற்ற அளவு. கருவியால் அளக்கப்பட்டது நாழிகையே.

அக்கருவி யாது? நான்கு மாஷம் எடையுள்ள பொன்னை நான்கு அங்குல நீளக் கம்பியாக்கி, அக்கம்பியின் பருமனளவு துளையைக் குடத்தில் இடவேண்டும். ஓர் ஆடகம் நீர் அத்துளை வழியே ஒழுகும் காலம் ஒரு நாழிகை. இங்கே பொன் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். ஊசித்துளை போன்ற சிறு துளையின் அகலத்தைக் கண்ணால் அளந்து எழுதிவைத்தல் இயலாது. ஆனால் குறித்த எடையுள்ள பொன்னைக் குறித்த நீளத்திற்கு இழுத்தால் அதன் பருமன் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். மாஷக் கல்லும் அங்குலக் கோலும் உள்ள ஊரில் எந்தத் தட்டானும் அதே கம்பியை மீண்டும் செய்துவிடலாம். அளத்தற்கு அரிய காலத்தை, அளக்க எளிய எடையாகவும் நீளமாகவும் நீராகவும் மாற்றிவிட்டனர்.

நீரால் காலத்தை அளத்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டில் கர்ணக் என்னுமிடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதப் காலத்து நீர்க்குடம் ஒன்று கிடைத்தது. அதன் உட்புறத்தில் பன்னிரு மாதங்களுக்கும் தனித்தனியே குறிகள் இடப்பட்டிருந்தன. எகிப்தியர் எக்காலத்தும் இரவைப் பன்னிரண்டு கூறாகவே பகுத்தனர். இரவு நீண்டால் அவர்களுடைய மணியும் நீளும், இரவு குறுகினால் மணியும் குறுகும். நம் நாழிகையோ கோடையிலும் குளிரிலும் ஒரே அளவினது. பகல் நீண்டால் நாழிகை நீள்வதில்லை. நாழிகைகளின் எண்ணிக்கையே கூடும். ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் வழக்காடுவோர் பேசும் காலத்தை நீர்க்குடம் கொண்டு வரையறுத்தனர். நீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது.

பிற்காலத்தில் நம் நாட்டில் மற்றொரு முறை பரவியது. அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைப் பெரிய நீர்த்தொட்டியில் மிதக்கவிடுவர். நீர் உட்புகுந்து கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிய சீனத் துறவி இத்-சிங் இத்தகைய கிண்ணங்களைப் பற்றி எழுதியுள்ளார். தமிழகத்தில் இவ்வகைக் கருவியைக் கன்னல் என்றும் நாழிகை வட்டில் என்றும் வழங்கினர். பாசறையில் உள்ள வேந்தனுக்குக் கன்னலைக் கண்டு பொழுதறிவிப்போரை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. அவர்களே நாழிகைக் கணக்கர்.

நீர் இரவுக்கும் முகில் சூழ்ந்த நாளுக்கும் உதவும். வெயில் உள்ள பகலில் நிழலே போதும். பன்னிரண்டு அங்குலக் கோலை நிமிர்த்தி நாட்டி அதன் நிழலை அளப்பர். நிழல் கோலைப்போல் எட்டு மடங்காயின் பகலில் பதினெட்டில் ஒரு பங்கு கழிந்தது. ஆறு மடங்காயின் பதினான்கில் ஒரு பங்கு. இரு மடங்காயின் ஆறில் ஒரு பங்கு. கோலும் நிழலும் ஒத்திருந்தால் நாலில் ஒரு பங்கு. நிழல் இல்லையாயின் நண்பகல் என்று கௌடில்யர் வரிசையாகச் சொல்லிச் செல்கின்றார். இவ்வெண்களுக்குள் ஓர் எளிய வாய்பாடு மறைந்திருக்கின்றது. நிழலின் மடங்கோடு ஒன்றைக் கூட்டி இரட்டியுங்கள். எட்டும் ஒன்றும் ஒன்பது, இரட்டித்தால் பதினெட்டு. இரண்டும் ஒன்றும் மூன்று, இரட்டித்தால் ஆறு. ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரட்டித்தால் நான்கு. ஏடும் எழுதுகோலும் இல்லாத காவற்காரனும் மனத்தாலேயே கணக்கிட்டுவிடலாம்.

இவ்வாய்பாடு சரிதானா? பகலும் இரவும் ஒத்த நாளில் மைசூரில் ஒரு கோலை நாட்டினால், கோலும் நிழலும் ஒத்து நிற்பது ஞாயிறு எழுந்து மூன்று மணியும் ஏறக்குறைய ஐந்து நிமிடமும் ஆனபின். வாய்பாடு சொல்வது மூன்று மணி. நிழல் இரு மடங்காக இருக்கும்போது அரை நாழிகை அளவுக்குத் தவறுகின்றது. வானநூலுக்கு இது போதாது, ஊராட்சிக்குப் போதும்.

ஆனால் நண்பகலில் நிழல் இராது என்னும் கூற்று எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதைக் கௌடில்யரும் அறிவார். ஆஷாட மாதத்தில் மட்டுமே நண்பகல் நிழலற்றது என்றும், அதன்பின் ஆறு மாதம் திங்களுக்கு இரண்டு அங்குலமாக நிழல் வளரும் என்றும், பின்னர் அவ்வாறே குறையும் என்றும் அவர் கூறுகின்றார். அப்படியாயின் குளிர்காலத்து நண்பகலில் பன்னிரண்டு அங்குலக் கோலுக்குப் பன்னிரண்டு அங்குல நிழல். இஃது எந்த ஊரின் கணக்கு? கதிரவன் வடகோடியை எட்டும் நாளில் தலைக்கு நேரே நிற்பது கடகரேகையில்தான். உஜ்ஜயினி அக்கோட்டிற்கு மிக அருகில் உள்ளது. அங்குக் குளிர்கால நண்பகல் நிழல் பன்னிரண்டரை அங்குலத்திற்குச் சற்று மேல். ஆகவே இவ்விதி கடகரேகையை ஒட்டிய நாட்டில் ஒருவர் கோல் நட்டுக் கண்ட விதி.

அதே கோலை மைசூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மைசூரில் கதிரவன் தலைக்கு நேரே வருவது ஆண்டில் இருமுறை: சித்திரையில், ஏப்ரல் 23ஆம் நாளை ஒட்டியும், ஆவணித் தொடக்கத்தில், ஆகஸ்டு 20ஆம் நாளை ஒட்டியும். ஏடு நிழலில்லை என்று சொல்லும் ஆனித் திங்களின் உச்சியில், மைசூர்க் கோல் இரண்டேகால் அங்குலத்திற்கு மேல் நிழல் வீழ்த்தும். அதுவும் தெற்கு நோக்கி. குளிர்காலத்தில் பன்னிரண்டு அங்குலத்திற்கு மாறாக எட்டரை அங்குலமே காணும். நெடுநல்வாடையில் அரண்மனை வகுப்போர் கோல் நட்டு நண்பகல் காணும் செய்தி வருகின்றது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரைத் திங்களுக்கு உரியதாகக் கொள்வர். தமிழகத்துப் பெரும்பாலான ஊர்களில் கதிரவன் முதன்முறை தலைக்கு நேரே நிற்பது சித்திரையில்தான் என்பதை எண்ணும்போது, அவ்வுரை தன் நாட்டு வானத்தைக் கண்டு எழுதிய உரை என்பது புலனாகும்.

இனி அதே அத்தியாயத்தில் வேறொரு கணக்கைக் காண்க. பகலிரவு ஒத்த நாளிலிருந்து பகல் மூன்று முகூர்த்தம் வரை வளரும், அவ்வாறே குறையும் என்கிறது ஏடு. அதாவது மிக நீண்ட பகல் பதினெட்டு முகூர்த்தம், மிகக் குறுகிய பகல் பன்னிரண்டு. நம் கணக்கில் பதினான்கு மணி இருபத்து நான்கு நிமிடமும், ஒன்பது மணி முப்பத்தாறு நிமிடமும் ஆகும். மைசூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி அளவே. உஜ்ஜயினியிலும் இவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. மூன்றுக்கு இரண்டு என்னும் இவ்விகிதம் காசுமீரம் போன்ற வடபுலத்திற்கே பொருந்தும். வேதாங்க ஜோதிடத்திலும் இதுவே காணப்படுகின்றது; பாபிலோனியரும் இவ்விகிதத்தை ஆண்டனர். பாபிலோனியாவிலிருந்து இங்கு வந்தது என்பர் சிலர். நம் வடமேற்கு எல்லையிலேயே கண்டது என்பர் வேறு சிலர். எதுவாயினும், ஓர் அத்தியாயத்துள் இரண்டு ஊர்களின் வானங்கள் அருகருகே உள்ளன. விதிகள் ஊர்விட்டு ஊர் செல்லும். அவை பிறந்த வானம் உடன் செல்வதில்லை.

பொழுதின் கணக்கு இவ்வாறாயின், திங்களின் கணக்கு யாது? கௌடில்யர் ஒரே மாதத்தைப் பலவாகக் கூறுகின்றார். வேலைக்குரிய மாதம் முப்பது நாள். கதிரவன் மாதம் முப்பதரை. நிலவின் மாதம் இருபத்தொன்பதரை. நட்சத்திர மாதம் இருபத்தேழு. குதிரை காப்போர்க்கு முப்பத்தைந்து நாள் ஒரு மாதம், யானை காப்போர்க்கு நாற்பது நாள் ஒரு மாதம் என்பதும் அங்கே உள்ளது. இவை அவர்களுடைய ஊதியத்தைக் கணக்கிடும் மாதங்கள் என்று கொள்வர். தசரா விழாவில் அம்பாரி சுமக்கும் யானையைக் காணும் மைசூர் மக்கள் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பிறர்க்கு முப்பது நாளில் முடியும் மாதம் பாகனுக்கு நாற்பது நாள் நீண்டால், அவன் வீட்டு அடுப்பு அதனை அறியும். காலக் கணக்கு என்பது வானத்தைப் பற்றியது மட்டுமன்று, கூலியைப் பற்றியதுமாகும். 354 நாள் கொண்ட பணியாண்டு ஆஷாடப் பௌர்ணமியோடு முடிவதாகக் கொண்டு, செய்த வேலை நிறைவோ குறைவோ அதற்கேற்பக் கொடுக்கவேண்டும் என்றும் ஏடு விதிக்கின்றது.

முப்பதரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 366. இருபத்தொன்பதரையைப் பெருக்கினால் 354. ஆண்டுதோறும் நிலவு பன்னிரண்டு நாள் பிந்துகின்றது; இரண்டரை ஆண்டில் முப்பது நாள். ஆகவே இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்க்க வேண்டும் என்கிறது நூல். இன்றும் கன்னட நாட்டில் அதிக மாதம் என்று சேர்ப்பது இதன் வழிவந்த முறையே. மைசூரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் கன்னடர் யுகாதியை நிலவைக் கண்டு கொண்டாடுவதும், தமிழர் சித்திரைப் பிறப்பைக் கதிரவனைக் கொண்டு கொண்டாடுவதும் இவ்விரு கணக்கின் வேறுபாடே. ஒருவர் ஆண்டு தவறு, மற்றவர் ஆண்டு சரி என்பது இல்லை. அவர்கள் இரு வேறு கடிகாரங்களைப் பார்க்கின்றனர்.

எனினும் 366 என்னும் எண் உண்மையான ஆண்டைவிட முக்கால் நாள் மிகுதி. நாற்பது ஆண்டில் அப்பிழை ஒரு மாதமாகிவிடும். கோடை விழா கோடையை விட்டு நகரும். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். கி.பி. 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் ஆண்டுக்கு 365 நாளும் ஆறு மணிக்குச் சற்று மேலும் என்று கணக்கிட்டார். நிழல் விதியையும் அவ்வாறே திருத்தினர். அவ்வூரில் அந்நாளின் நண்பகல் நிழல் எவ்வளவோ அதனைக் கழித்துக் கணக்கிடும் முறையை வராகமிகிரர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் காணலாம். 'உன் ஊரின் நிழலை முதலில் அள. பிறகு விதியைப் பயன்படுத்து' என்பதே அத்திருத்தத்தின் பொருள்.

அளவு பிழைத்தால் யாருக்கு என்ன இழப்பு? இவ்வினாவிற்கும் ஏட்டிலேயே விடை உண்டு. இரவில் ஆறு நாழிகை கழிந்ததும் நகரத்தில் வாத்தியம் முழங்கும். விடியற்கு ஆறு நாழிகை உள்ளபோது மீண்டும் முழங்கும். இடைப்பட்ட காலத்தில் நடமாடுவோர்க்குத் தண்டம் உண்டு. அரண்மனை அருகே முதல் யாமத்திலோ கடை யாமத்திலோ அகப்பட்டவனுக்கு ஒன்றேகால் பணம்; நடு யாமங்களில் அதன் இரு மடங்கு. குடத்துத் துளையில் ஒரு துரும்பு அடைத்தால் நாழிகை நீளும். நாழிகை நீண்டால் விடியலில் சந்தைக்குப் புறப்பட்டவன் குற்றவாளி ஆவான். பொன்கம்பியின் பருமனை அத்துணைக் கவனமாக எழுதிவைத்ததன் காரணம் இப்போது விளங்கும். மகப்பேற்றின் பொருட்டும், மருத்துவத்தின் பொருட்டும், இறப்பின் பொருட்டும், தீயின் பொருட்டும் செல்வோரைப் பிடித்தல் ஆகாது என்றும் அதே இடத்தில் விதி உள்ளது. பிறப்பும் இறப்பும் நாழிகை பார்த்து வருவதில்லை என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். அரசனும் இக்கணக்கிற்கு அப்பாற்பட்டவன் அல்லன். நாழிகையாலோ நிழலாலோ தன் பகலையும் இரவையும் எட்டெட்டுக் கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் உரிய பணியைச் செய்யவேண்டும்.

இவ்வேட்டை வெளியிட்ட சாமசாஸ்திரியையும் காலம் பற்றிய ஆராய்ச்சி இறுதிவரை விடவில்லை. 1908ஆம் ஆண்டில் 'கவாம் அயனம்' என்னும் வேதகால ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1936ஆம் ஆண்டில் வேதாங்க ஜோதிடத்தைத் தம் மொழிபெயர்ப்புடன் மைசூரில் பதிப்பித்தார். அவர் முடிவுகள் அனைத்தையும் அறிஞர் ஏற்றுக்கொண்டாரல்லர். ஆயினும், பழஞ்சொல் ஒன்றைக் கண்டால் அதன் பின்னே ஒரு வானக் காட்சி இருக்குமோ என்று தேடிய அவர் உழைப்புப் போற்றத்தக்கது. 1944ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

மைசூருக்கும் வானொலிக்கும் ஓர் உறவு உண்டு. 1935ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் சிறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அங்கிருந்தே எழுந்தது. நாழிகைக் கணக்கரும் நகர வாத்தியமும் அன்று செய்த பணியை, வானொலியின் நேர ஒலி நாட்டிற்கு முழுவதுமாகச் செய்தது. எத்தனையோ இல்லங்களில் அவ்வொலியைக் கேட்டே கடிகாரத்திற்குச் சாவி கொடுத்தனர். பொது நேரம் இன்றி இரயில் ஓடாது, பள்ளி தொடங்காது; அதனை நாம் இழக்க வேண்டுவதில்லை. ஆனால் அது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்பதை மறத்தல் ஆகாது. நம் தலைக்கு மேலுள்ள வானத்தின் நேரம் வேறு.

நேயர்கள் தம் இல்லத்து முற்றத்திலோ மாடியிலோ ஓர் அடிக் கோல் ஒன்றை நேராக நாட்டி, ஆண்டு முழுவதும் திங்களுக்கு ஒருமுறை அதன் மிகக் குறுகிய நிழலையும் அப்பொழுது கடிகாரம் காட்டும் நேரத்தையும் குறித்து வைப்பாராக. பன்னிரண்டு குறிப்புகள் சேர்ந்ததும், தம் ஊரின் நண்பகல் கடிகாரத்திற்கு எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்பதும், கதிரவன் எந்நாளில் தலைக்கு நேரே வந்தான் என்பதும் தாமே விளங்கும். தஞ்சையிலிருந்து மைசூருக்குச் சென்ற ஓலைச்சுவடியை எழுதியவர்க்கும் முன்னே, ஒருவர் இவ்வாறுதான் தொடங்கியிருப்பார்.